குணச்சித்திர நடிகர் என்றால் யார்? ஹாரி டீன் ஸ்டான்டனை வைத்து ஒரு விளக்கம்

2012-இல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் ஹல்க் என்ற பச்சை ராட்சதன் வானத்திலிருந்து ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் விழுந்து, மறுபடி மனிதனாகி, உடுப்பில்லாமல் கிடப்பார். அங்கே ஒரு வயதான காவலாளி நிற்பார். அலற மாட்டார், ஓட மாட்டார். நீ வேற்றுக்கிரகத்து ஆளா என்று அக்கறையாக விசாரிப்பார், ஒரு கால்சட்டையைத் தூக்கிப் போடுவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. அந்தக் காவலாளிதான் ஹாரி டீன் ஸ்டான்டன். படம் வந்தபோது அவருக்கு வயது 85. 1950-களின் நடுவிலிருந்து நடித்துவந்தவர்.

இவரைப் போன்றவர்களைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறோம். சின்ன வேஷம் கட்டுபவர் என்கிறார்கள் சிலர். நாயகனாக முயன்று முடியாமல் போனவர் என்கிறார்கள் வேறு சிலர். படத்துக்குப் படம் ஆளே அடையாளம் தெரியாமல் மாறுபவர்தான் உண்மையான குணச்சித்திர நடிகர் என்பது இன்னொரு கட்சி. ஸ்டான்டனின் அறுபதாண்டு வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றுமே பொருந்தவில்லை.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

குழப்பத்தில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழ்த் திரையுலகில் 'துணை நடிகர்' என்றால் பெரும்பாலும் கூட்டத்தில் நிற்பவர், சந்தைக் காட்சியில் காய்கறி வாங்குபவர். அதே சொல்லை விருது மேடையில் 'சிறந்த துணை நடிகர்' என்று சொல்லும்போது படத்தின் இரண்டாவது முக்கியமான ஆளைக் குறிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

துணைப் பாத்திரம் என்பது கதையில் ஒரு இடம். கதை யாரைச் சுற்றிப் போகிறதோ அவர் முதன்மைப் பாத்திரம். அவரைச் சூழ்ந்து வருபவை துணைப் பாத்திரங்கள். பெரிய நட்சத்திரங்களும் துணைப் பாத்திரத்தில் நடிப்பார்கள். ஜாக் நிக்கல்சன் 1983-இல் வந்த ஒரு படத்துக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். அதனால் அவர் குணச்சித்திர நடிகர் ஆகிவிடவில்லை.

குணச்சித்திர நடிகர் என்பது நடிகரின் வகை. நட்சத்திரத்தைப் பார்ப்பதற்காக நாம் டிக்கெட் வாங்குகிறோம். அவர் எந்த வேஷம் போட்டாலும் அவரைத்தான் பார்க்கிறோம். குணச்சித்திர நடிகரை வைத்து யாரும் டிக்கெட் விற்பதில்லை. அவர் திரைக்கு வந்ததும் அந்த ஊர், அந்தத் தொழில், அந்த மனிதன் உண்மை என்று நமக்குத் தோன்ற வேண்டும். இடத்தையும் வகையையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால், ஒரு குணச்சித்திர நடிகர் நாயகனாகவும் நடிக்கலாம் என்பதில் முரண் ஏதும் இருக்காது. ஸ்டான்டன் அப்படி நடித்திருக்கிறார்; அதற்குப் பிறகு வருவோம்.

மிருதங்கக்காரர் பாடத் தெரியாதவர் அல்ல

கச்சேரியில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் பாடகர். சுவரொட்டியில் பெரிய எழுத்து அவருக்குத்தான். மிருதங்க வித்வான் பாட்டு வராததால் மிருதங்கத்துக்கு வந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. அது வேறு கலை, வேறு பயிற்சி. பாடகர் நிரவலில் எங்கே போகிறார் என்று கேட்டபடியே, எங்கே வாசிக்க வேண்டும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று கணத்துக்குக் கணம் முடிவெடுப்பவர் அவர். நல்ல மிருதங்கம் இருந்தால் பாட்டு நிற்கும். அவர் தன்னைக் காட்டிக்கொள்ளத் தொடங்கினால் பாட்டு கெடும்.

குணச்சித்திர நடிப்பின் மையமும் இந்தக் கேட்கும் திறன்தான். இதை ஸ்டான்டனுக்குப் புரியவைத்தவர்களில் அதே நிக்கல்சனும் ஒருவர். இருவரும் நண்பர்கள், ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். 1960-களின் நடுவில் நிக்கல்சன் எழுதி, மான்ட்டி ஹெல்மன் இயக்கிய 'ரைட் இன் த வேர்ல்விண்ட்' என்ற வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படத்தில் ஸ்டான்டனுக்குக் கொள்ளைக்கூட்டத் தலைவன் வேஷம். ஒரு கண்ணை மறைக்கும் பட்டை, தலையில் தொப்பி. நிக்கல்சன் சொன்ன யோசனை இவ்வளவுதான்: நீ எதுவும் செய்யாதே, உடுப்பே பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ நீயாக இரு. அதுவரை வில்லன் என்றால் முறைப்பதும் பல்லைக் கடிப்பதுமாக இருந்த ஸ்டான்டனின் நடிப்பு அந்தப் படத்தோடு திசை மாறியது என்று அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆக, இதுவரை பார்த்தது: துணைப் பாத்திரம் கதையில் ஓர் இடம், குணச்சித்திர நடிகர் ஒரு வகை. அவருடைய முதல் கருவி கேட்பது.

முகம் எப்படி வேலை வாங்கித் தருகிறது

ஸ்டான்டன் 1926 ஜூலை 14-இல் கென்டக்கி மாநிலத்தின் வெஸ்ட் இர்வைன் என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சமையல்காரராக இருந்தார். ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த சண்டையின்போது அங்கே இருந்த கப்பலில் பணியாற்றியவர். திரும்பிவந்து கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படித்தார், கல்லூரி நாடகத்தில் ருசி கண்டு கலிஃபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸில் பயிற்சி எடுத்தார். ஒட்டிய கன்னம், ஒல்லி உடம்பு, இரண்டு நாள் தூங்காதவனைப் போன்ற கண்கள். ஹாலிவுட் கணக்கில் நாயக முகம் இல்லை. ஆனால் வேலை கொடுக்கும் முகம்.

இங்கே 'டைப்' என்ற சொல் தேவைப்படுகிறது. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில், அவர் வாய் திறக்கும் முன்பே, பார்ப்பவர் மனத்தில் எழும் ஊகம்தான் டைப். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய திரையில் ஒரு நிமிடம். இவன் ஏழை, பலமுறை ஏமாந்தவன், ஆனாலும் கெட்டவன் இல்லை என்று வசனத்தில் சொல்லப் போனால் இரண்டு பக்கம் போய்விடும். ஸ்டான்டனைக் கதவருகே நிறுத்தினால் அந்த இரண்டு பக்கமும் மிச்சம். இயக்குநருக்கு அவர் விலைமதிப்பற்றவர் ஆவது இந்தக் கணக்கால்.

அமெரிக்காவில் ஒரு சிறு பாத்திரத்துக்கு ஆள் எடுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். நடிகர் தேர்வுக்கென்றே காஸ்டிங் டைரக்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் திரைக்கதையைப் படித்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயது, தோற்றம், குணம் என்று இரண்டு மூன்று வரி எழுதி ஏஜென்டுகளுக்கு அனுப்புவார். ஏஜென்ட் தன் கையில் இருப்பவர்களில் பொருந்தும் பெயர்களை முன்வைப்பார். நடிகர் கைக்கு முழுக்கதையும் வராது, தன் காட்சிக்குரிய சில பக்கங்கள் மட்டும் வரும். அதைப் படித்து நடித்துக் காட்ட வேண்டும். தேறினால் இயக்குநர் முன்னால் இன்னொரு முறை. பல ஆண்டு உழைத்துப் பெயர் எடுத்தவர்களுக்கு இந்தச் சோதனை குறையும். நேரே அழைப்பு வரும்.

ஸ்டான்டனின் பயிற்சிக்கூடம் 1950, 60-களின் தொலைக்காட்சி வெஸ்டர்ன் தொடர்கள். அவற்றின் அமைப்பே குணச்சித்திர நடிகருக்குச் சோறு போடுவது. ஷெரீஃப் வாராவாரம் அதே ஆள். திருடன் மட்டும் வாராவாரம் புதியவன். 'கன்ஸ்மோக்' 1955 முதல் 1975 வரை ஓடி 635 பகுதிகளைத் தொட்டது. எத்தனை திருடர்கள், எத்தனை குடிகாரர்கள், எத்தனை சாட்சிகள் தேவைப்பட்டிருப்பார்கள்! ஸ்டான்டன் அந்தத் தொடரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆளாக வந்துபோனார். நாயகனால் அது முடியாது. பார்ப்பவர் பெயரை நினைவில் வைக்காததே இங்கே முதலீடு. அந்த நாட்களில் டைட்டிலில் அவர் பெயர் டீன் ஸ்டான்டன் என்று வரும். ஹாரி ஸ்டான்டன் என்று ஏற்கெனவே வேறொரு நடிகர் இருந்தார்.

இரண்டு நாள் கால்ஷீட்டில் நடப்பது

படப்பிடிப்பு தொடங்கி ஆறாவது வாரம். நாயகனும் இயக்குநரும் கேமராக்காரரும் ஒருவர் மூச்சு ஒருவருக்குப் பழகியிருக்கிறார்கள். குணச்சித்திர நடிகர் அன்று காலைதான் வந்து இறங்குகிறார், நாளை மாலை போய்விடுவார். ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. தொலைக்காட்சியில் ஒரே நாளில் ஐந்து முதல் எட்டுப் பக்கம் வரை எடுப்பார்கள் என்பதால் அவகாசம் இன்னும் குறைவு.

முதலில் மாஸ்டர் ஷாட் எடுப்பார்கள், அதாவது காட்சி முழுவதையும் ஒரே அகலச் சட்டத்தில். பிறகு அதே காட்சியை நாயகனின் தோளுக்குப் பின்னாலிருந்து, அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து, கடைசியில் குளோசப்பாக. ஒரே வசனத்தை இருபது தடவைகூடச் சொல்ல நேரலாம். மதுக்கடைக் காட்சி என்றால், மாஸ்டரில் எந்தச் சொல்லில் குவளையை எடுத்தாரோ அதே சொல்லில்தான் கடைசி டேக்கிலும் எடுக்க வேண்டும். சிகரெட் அதே நீளம் எரிந்திருக்க வேண்டும். இதுதான் கண்டினியூட்டி. இது பிசகினால் எவ்வளவு பிரமாதமாக நடித்த டேக்காக இருந்தாலும் எடிட்டரால் ஒட்ட முடியாது; வெட்டிவிடுவார். அனுபவசாலிகள் முதல் டேக்கிலேயே கைவேலையைக் குறைத்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு நுட்பம் உண்டு. குளோசப் நாயகனுக்குப் போகும்போது, சட்டத்துக்கு வெளியே நின்று வசனம் கொடுப்பவர் குணச்சித்திர நடிகர். அங்கே அவர் ஏனோதானோ என்று வாசித்தால் நாயகனின் முகம் செத்துவிடும். முழு உயிரோடு கொடுப்பவர்களைத்தான் அடுத்த படத்துக்கும் கூப்பிடுகிறார்கள். திரையில் தெரியாத இந்த உழைப்பு தொழிலின் பெரும்பகுதி.

பிரெட் ஏன் நினைவில் நிற்கிறான்

கொள்கையாகச் சொன்னதைக் கண்ணால் பார்க்க 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' போதும். விண்கப்பலில் ஏழு பேர். ஸ்டான்டனுக்கு பிரெட் என்ற என்ஜின் மெக்கானிக் வேஷம். தலையில் தொப்பி, மேலே பூப்போட்ட சட்டை. அவனும் பார்க்கரும் அடித்தளத்தில் வேலை செய்பவர்கள். சாப்பாட்டு மேசையிலேயே எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு குறைவு என்று முணுமுணுப்பவர்கள். பார்க்கர் எதைச் சொன்னாலும் பிரெட் "ரைட்" என்பான். அதைச் சுட்டிக்காட்டினாலும் "ரைட்" என்பான்.

ஒரே ஒரு சொல். அதற்குள் எத்தனை இருக்கிறது என்று கவனியுங்கள்: சலிப்பு, நட்பு, பேச்சை முடித்துக்கொள்ளும் அவசரம், பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்த இருவரின் பழக்கம். விண்வெளிக் கதை என்பதே மறந்து, ஏதோ லாரி ஷெட்டில் நிற்பதுபோல ஆகிவிடுகிறது. படத்தின் பயம் இந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பிறகு பூனையைத் தேடிக்கொண்டு தனியாகப் போவான். மேலே சங்கிலிகள் தொங்கும், தண்ணீர் சொட்டும். தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்வான். கதைக்கு அது தேவையே இல்லை. களைத்த தொழிலாளிக்கு ஒரு கணம் குளிர்ச்சி, அவ்வளவுதான். வளர்ந்த மிருகம் முதலில் தூக்கிக்கொண்டு போவது இவனைத்தான். திகில்படத்தில் சாகும் முதல் ஆட்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை. இவன் போனால் உறுத்துகிறது, ஏனென்றால் கூலி பாக்கி உள்ள ஒரு மனிதன் போயிருக்கிறான். குணச்சித்திர நடிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டிய காட்சி இது என்பேன்.

மறுபடி சுருக்கமாக: முகம் வசனத்தை மிச்சப்படுத்துகிறது, கேட்பது எதிராளியை உயர்த்துகிறது, கதைக்குத் தேவையில்லாத ஒரு சின்னச் செயல் பாத்திரத்துக்கு உயிர் தருகிறது.

வயிற்றுப்பாடு

இந்தப் பகுதியைத்தான் ரசிகர்கள் கவனிப்பதில்லை. அமெரிக்க நடிகர்களின் சங்கம் 1933-இல் தொடங்கிய ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்ட்; 2012-இல் வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர் சங்கத்தோடு இணைந்து சாக்-ஆஃப்ட்ரா ஆனது. வசனம் பேசும் நடிகருக்கு இதைவிடக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று சங்கம் ஒரு தொகையை நிர்ணயிக்கும். அதற்கு ஸ்கேல் என்று பெயர். நடிகர்கள் 2023-இல் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு முன் பெரிய படங்களில் ஒருநாள் ஸ்கேல் 1,082 டாலர். ஏஜென்டுக்குப் பத்து சதவீதம்.

கேட்க நல்ல கூலியாகத் தெரியும். ஆனால் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க அந்த ஆண்டு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். ஸ்கேலில் கணக்குப் போட்டால் 25 நாள் வேலை. ஒரு படத்துக்கு இரண்டு நாள் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று படம். சங்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த எல்லையைத் தொடுவதில்லை. அறுபதாண்டு தாக்குப்பிடிப்பது எவ்வளவு அரிது என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும்.

கைகொடுப்பது ரெசிடுவல். நடித்த படமோ தொடரோ மறுபடி ஒளிபரப்பாகும்போதும் விற்கப்படும்போதும் நடிகருக்கு வரும் பங்கு அது. திரைப்படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்கும்போது நடிகர்களுக்கும் பங்கு வேண்டும் என்று 1960 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத் தலைவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரேகன். அந்த ஆண்டிலிருந்து எடுக்கப்பட்ட படங்களுக்கு உரிமை கிடைத்தது, ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் நிதி பிறந்தது. குறைந்த சம்பளத்தில் நிறைய வேலை செய்பவருக்கு இது சிறுவாட்டுப் பணம்போலச் சேரும். இணைய ஸ்ட்ரீமிங் தளங்களில் காட்டப்படும் படங்களுக்கு இந்தப் பங்கு சுருங்கிப்போனது 2023 போராட்டத்தின் காரணங்களில் ஒன்று.

எங்கே சறுக்கும்

டைப் சோறு போடும், அதுவே கூண்டும் ஆகும். ஐந்து ஆண்டு திருடனாகவே வந்தவரை ஆசிரியராக யோசிக்கக் காஸ்டிங் ஆட்களுக்கு மனம் வராது. ஸ்டான்டன் இதிலிருந்து வெளியே வந்தது இரண்டு வழிகளால். ஒன்று, இசை: பாடுவார், கிதார் வாசிப்பார். 1967-இல் வந்த 'கூல் ஹேண்ட் லூக்' படத்தில் கைதிகளில் ஒருவராகப் பாடும் காட்சிகளில் திருடன் முகத்துக்கு வேறொரு மென்மை வந்தது. இரண்டு, அளவு பார்க்காமல் நல்ல இயக்குநர்களின் படங்களை ஒப்புக்கொண்டது. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் அவருக்குப் பெயர்கூட இல்லாத எஃப்பிஐ காவலர் வேஷம்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கவனத்தைப் பறிக்கும் ஆசை. கிடைத்த இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று சிலர் இருமுவார்கள், விக்குவார்கள், நொண்டுவார்கள். பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு நடிப்பைப் பார்க்கத் தொடங்குவார். எடிட்டிங்கில் முதலில் போவதும் அதுவே.

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதி வகுத்தார்: ஹாரி டீன் ஸ்டான்டனோ, இன்னொரு குணச்சித்திர நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேஷத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது. அதற்கும் விதிவிலக்குகள் வந்தன என்றாலும் அவர் சுட்டியது சரி. எவ்வளவு பலவீனமான படத்திலும் இவர்கள் நிற்கும் காட்சியாவது நிஜமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட வந்ததில்லை என்பது வருத்தத்துக்குரியது.

57 வயதில் நாயகன்

விம் வெண்டர்ஸ் இயக்கி, சாம் ஷெப்பர்ட் எழுதிய 'பாரிஸ், டெக்சாஸ்' 1984-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. நாயகன் டிராவிஸ் வேஷத்தில் ஸ்டான்டன். அப்போது வயது 57. சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடந்துவரும் அவர் முதல் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரு சொல்கூடப் பேச மாட்டார். முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் வசனத்தைக் கேட்டுப் பழகிய முகம் அந்த மௌனத்தைச் சுமக்கிறது. பின்னால் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் மனைவியிடம், அவள் கண்ணுக்குத் தான் தெரியாத நிலையில், தொலைபேசியில் தன் கதையை யாரோ ஒருவன் கதைபோல நீளச் சொல்வார். குரலை உயர்த்தவே மாட்டார்.

ஆனாலும் அவர் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. 1986-இலேயே 'பிரிட்டி இன் பிங்க்' படத்தில் பதின்பருவ நாயகியின் வேலையில்லாத அப்பாவாகத் திரும்பிவிட்டார். அது அவருக்குச் சறுக்கலும் அல்ல, தன் தொழிலுக்குத் திரும்பியதுதான். மறுபடி முழுப்படத்தையும் தாங்கியது 'லக்கி'யில். அதை இயக்கிய ஜான் கரோல் லிஞ்ச் தானும் ஒரு குணச்சித்திர நடிகர். கடற்படையில் சமையல்காரராக இருந்த முதியவரின் கதை அது, ஸ்டான்டனின் வாழ்க்கையிலிருந்தே எடுத்தது. 2017 செப்டம்பர் 15-இல் அவர் 91 வயதில் இறந்தார். இரண்டு வாரம் கழித்து அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் படம் வந்தது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்

முதலில் 'ஏலியன்', பிரெட் பேசாத நேரங்களில் அவன் எங்கே பார்க்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து 'பாரிஸ், டெக்சாஸ்'. மூன்றாவதாக டேவிட் லிஞ்ச் 1999-இல் எடுத்த 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி'யைக் கட்டாயம் முழுதாகப் பாருங்கள், ஓட்டிப் பார்க்க வேண்டாம். பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க, வருஷக்கணக்கில் பேசாதிருந்த தம்பி ஆல்வின் புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்குப் போகிறார். லைல் என்ற அந்த அண்ணனாக வருபவர் ஸ்டான்டன்தான். படம் முழுக்கப் பேச்சில் மட்டும் இருக்கும் அவர் திரைக்கு வருவது கடைசிச் சில நிமிடங்களில். யார் வந்து நின்றால் இவ்வளவு தூரப் பயணம் வீண்போகவில்லை என்று நமக்குத் தோன்றும்? அந்த இடத்துக்கு ஆள் தேடுவதுதான் காஸ்டிங்கின் முழுச் சிக்கலும்.

நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். தம்பியை உட்காரச் சொல்கிறார். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்க இதை ஓட்டிக்கொண்டா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். ஆமாம் லைல், என்கிறார் தம்பி. கண் நிறைகிறது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இருவரும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.